ஒரு நகரம் வயதானவர்களுக்கு உகந்ததா என்பதை எப்படி அளக்கிறார்கள்? அவர்களிடமே கேட்டால் போதாதா?

கேட்கலாம், கேட்கவும் செய்கிறார்கள். சிக்கலே பதிலில்தான்.

உலக சுகாதார நிறுவனம் 33 நகரங்களில் முதியவர்களைக் கூட்டிவைத்துப் பேசி, 2007-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. நம் டெல்லியும் உதய்ப்பூரும் அந்த 33-இல் உண்டு. போக்குவரத்து, வீடு, மரியாதை, தகவல், மருத்துவம் என்று மொத்தம் எட்டு தலைப்புகள். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஊரில் எத்தனை பெஞ்ச், எத்தனை சாய்தளம் என்று எண்ணிவிடலாம். ஆனால் எண்ணுகிறவர் ஒருவர், உட்காருகிறவர் வேறொருவர்.

அதனால் நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் 2020-இல் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். 23 வாக்கியங்கள். எட்டு தலைப்போடு ஒன்பதாவதாகப் பண நிலைமையும் உண்டு (இதைச் சேர்த்தது எனக்குப் பிடித்தது, கையில் காசில்லாதவருக்கு ஊர் எப்படி இருந்தால் என்ன?). ஒவ்வொரு வாக்கியத்தையும் எவ்வளவு ஒப்புக்கொள்கிறீர்கள் என்று ஐந்து படிகளில் சொல்ல வேண்டும். மைனஸ் 2 முதல் பிளஸ் 2 வரை மதிப்பெண். சில வருஷம் கழித்து அதே தாளைக் கொடுத்தால் முன்னேற்றம் தெரிந்துவிடும்.

நல்ல கருவிதான். ஆனால் அதே பாணியில் சில கேள்விகளைத் தமிழில் போட்டு, சென்னையில் என்னோடு இருக்கும் அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். 74 வயது.

"பஸ்ஸுல போய்வர சௌகரியமா இருக்காம்மா?"

"அதுக்கென்ன, இப்பதான் பொம்பளைங்களுக்கு டிக்கெட்டே இல்லையே."

பிளஸ் 2. சாதாரண பஸ்களில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லை, உண்மைதான். சரி, கடைசியாக எப்போது ஏறினாய் என்றேன். யோசித்து, விரல் விட்டு எண்ணிச் சொன்னாள்: ஒன்றரை வருஷம் ஆகிறது. படி முழங்கால் உயரம், ஏற முடிவதில்லை. முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை தவறாமல் கபாலீஸ்வரர் கோயில். இப்போது தெருமுனைப் பிள்ளையாரோடு சரி. அதை ஒரு குறையாக அவள் நினைக்கவே இல்லை. "பிள்ளையார் எல்லாம் ஒண்ணுதான்ப்பா."

அம்மா பொய் சொல்லவில்லை. ஊர் சுருங்கச் சுருங்க ஆசையையும் சுருக்கிக்கொண்டாள், அவ்வளவுதான். ஆகவே என்னைக் கேட்டால், 23-க்குப் பிறகு இன்னொன்றும் கேட்க வேண்டும்: முன்பு போய்க்கொண்டிருந்து இப்போது விட்டுவிட்ட இடம் எது?

அப்புறம், கூடவே ஒருநாள் நடக்கவும் வேண்டும். நடைபாதையில் டிரான்ஸ்ஃபார்மரும் பைக்குகளும் நிற்பதால் அம்மா ரோட்டில்தான் நடக்கிறாள். பாதி வழியில் மருந்துக்கடை வாசலில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல். இவளைக் கண்டதும் கடைப்பையன் துடைத்துப் போடுகிறான். அந்த ஸ்டூல் இருப்பதால்தான் பிள்ளையார் கோயில் வரை போகிறாள். எந்தக் கணக்கெடுப்பிலும் அது பெஞ்ச் ஆகாது.

யார் கேட்கிறார்கள் என்பதும் முக்கியம். போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் சும்மா பேச்சுவாக்கில் பஸ்ஸைப் பற்றிக் கேட்டாள். உள்ளே இருந்த எனக்கு அம்மாவின் பதில் கேட்டது.

"பஸ்ஸா? அதெல்லாம் எங்கேம்மா ஏற முடியுது. இவன்கிட்ட சொன்னா ஆட்டோவுக்குக் காசு கொடுப்பான், அது வேற தண்டம்."