கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கு வயது என்ன?

கேள்வி: தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1971-இல் தொடங்கப்பட்டதாகப் படித்தேன். ஆனால் என் தாத்தா 1940-களில் அங்கே பட்டம் பெற்றவர் என்று வீட்டில் சொல்வார்கள். எது சரி? கரும்பில் ‘கோ’ என்று தொடங்கும் ரகங்களும் அங்கே உருவானவைதாமா?
— வாசகி ஒருவர், தாராபுரம்

பதில்: இரண்டும் சரியே. 1971 ஜூன் 1 அன்று பிறந்தது பல்கலைக்கழகம் என்னும் தகுதி. உங்கள் தாத்தா படித்தது அதற்கு வெகுகாலம் முன்பே கோவையில் இயங்கிவந்த வேளாண்மைக் கல்லூரியில். 1868-இல் சென்னை சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளியே அதன் வேர். 1906-இல் அது கோவைக்கு இடம் மாறியது. 1920-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. 1946 வரை தென்னிந்தியா முழுமைக்கும் உயர் வேளாண் கல்விக்கு அந்த ஒரு கல்லூரிதான் இருந்தது. வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் அங்கே பயின்றதும் 1940-களில்தான் என்பதால், இருவரும் ஒரே காலத்தில் படித்தார்களா என்று அறிய, தாத்தாவின் பட்டச் சான்றிதழில் உள்ள ஆண்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், இந்நிறுவனத்தின் வயதைக் கட்டடங்களைவிட அதன் வயலே நன்றாகச் சொல்லும். 1909-இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல் ஒன்று அங்கே உண்டு. ஒரு பாத்திக்குத் தொழுவுரம், இன்னொன்றுக்கு ரசாயன உரம், வேறொன்றுக்கு எந்த உரமும் இல்லை என்று பிரித்து, அந்த ஏற்பாட்டைக் கலைக்காமல் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டு, மண் எப்படி மாறுகிறது என்று பதிந்துவருகிறார்கள். உரத்தின் முழு விளைவு ஓரிரு போகத்தில் தெரிவதில்லை; அதைத் தொடங்கியவர் முடிவைப் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே தொடங்கிய வேலை அது. 1912-இல் அமைந்த நெல் ஆராய்ச்சி நிலையமும் அப்படிப்பட்டதே. அங்கிருந்து 1921-இல் வெளிவந்த ஜி.இ.பி. 24 என்ற சன்ன ரக நெல்தான், பிற்காலத்தில் தஞ்சைப் பகுதியில் பரவிய ஆடுதுறை 27-க்குப் பெற்றோரில் ஒன்று.

1958-இல் முதுநிலைப் படிப்புக்கான மையமாகக் கோவை அங்கீகாரம் பெற்றது; 1965-இல் மதுரையில் இன்னொரு கல்லூரி வந்தது. 1971-க்குப் பிறகு கல்வி, ஆராய்ச்சி, ஆய்வின் பலனை விவசாயிகளிடம் கொண்டுசேர்க்கும் விரிவாக்கப் பணி ஆகிய மூன்றும் ஒரே குடையின்கீழ் வந்ததுதான் உண்மையான மாற்றம். வகுப்பில் பாடம் நடத்துபவரே வயலில் ஆய்வும் செய்ய அது வழிவகுத்தது. கால்நடை மருத்துவம் 1989-இல் தனிப் பல்கலைக்கழகமாகப் பிரிந்தது.

கரும்பு விஷயத்தில்தான் பலரும் குழம்புகிறார்கள். 1912-இல் கோவையில் நிறுவப்பட்டு, இன்று மத்திய அரசின் வேளாண் ஆராய்ச்சிக் குழுமத்தின்கீழ் இயங்கும் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் தனியானது. கோவையில் கரும்பு நன்றாகப் பூப்பதால், இரு வகைகளை மகரந்தச் சேர்க்கையால் இணைத்துப் புது ரகம் உருவாக்க அவ்வூர் தோதாக அமைந்தது. அங்கே பணியாற்றிய விஞ்ஞானிகள் சார்லஸ் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் நாட்டுக் கரும்பைக் காட்டு நாணலோடு சேர்த்து உருவாக்கிய கோ 205, 1918-இல் வெளியானது. நெல் ரகங்களுக்கும் ‘கோ’ என்ற பெயர் உண்டு; இரண்டிலும் அது கோயம்புத்தூரையே குறிக்கும். ஆனால் நெல் விதைப் பையில் இருந்தால் அது பல்கலைக்கழகத்தின் ரகம், கரும்புக் கரணைக்குச் சொன்னால் கரும்பு நிறுவனத்தின் ரகம்.