காலனி ஆட்சியில் ஆப்பிரிக்கத் தொழிற்சாலைகள்: கேள்வி பதில்

கேள்வி: சார், ஆப்பிரிக்காவில் தொழில் வளராததற்குக் காலனி ஆட்சிதான் காரணமா?

பதில்: வால்டர் ராட்னி 1972-ல் அப்படித்தான் வாதிட்டார். கயானாவில் பிறந்தவர், தாருஸ்ஸலாம் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தவர். ஆப்பிரிக்காவின் வறுமை ஐரோப்பா உண்டாக்கியது என்றார். அதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் பிரிட்டன் ஆண்ட டாங்கனிக்கா, அதாவது இன்றைய தான்சானியாவின் பெருநிலப் பகுதி. 1930-களில் அங்கே சிசல் கற்றாழை நாரில் கயிறு திரித்து பிரிட்டனுக்கே அனுப்பினார்கள். பிரிட்டனின் கயிறு ஆலைக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். லண்டனும் அவர்கள் பக்கமே நின்றது. டாங்கனிக்காவின் கயிறு ஆலை நிலைக்கவில்லை. நாரை அனுப்பலாம், கயிற்றை அனுப்பக் கூடாது என்றால் அந்த ஊர் எப்படி முன்னேறும்?

கேள்வி: ஐயா, தென்னாப்பிரிக்காவில் மட்டும் இரும்பாலை வந்ததே?

பதில்: இறக்குமதி வரியை முடிவு செய்யும் உரிமை அங்கிருந்த அரசிடமே இருந்தது. 1925-ல் உள்ளூர்த் தொழிலுக்குப் பாதுகாப்பு வரி, 1928-ல் அரசு இரும்பு நிறுவனத்துக்குச் சட்டம். 1923-ல் தன்னாட்சி பெற்ற தெற்கு ரொடீசியாவும் (இன்றைய ஜிம்பாப்வே) பின்னால் இதே வழியில் போனது. ஆனால் இரண்டுமே வெள்ளையர் அரசுகள். தென்னாப்பிரிக்காவின் 1913 நிலச் சட்டம் கறுப்பின மக்களின் நிலத்தைச் சுருக்கியது. 1926 சட்டம் சுரங்கங்களில் தேர்ச்சி வேண்டிய வேலைகளை அவர்களுக்கு மூடியது. இதைச் சொல்லாமல் இரும்பாலையைப் புகழ எனக்கு மனம் வராது.

கேள்வி: ஏகாதிபத்தியம் முதலாளித்துவத்தை வளர்த்தது என்று ஒரு மார்க்சியரே எழுதினாராமே?

பதில்: பில் வாரன். அவர் இறந்தபின் 1980-ல் நூலாக வந்தது. ஆலை வந்ததா என்று பார்த்தார். ஆலை யாருக்கு என்பதில் அந்த அளவு அக்கறை காட்டவில்லை. எனக்கு அது ஒப்பில்லை.

கேள்வி: ஆட்சியாளர்கள் தடுக்காமல் இருந்திருந்தால் தானாக வளர்ந்திருக்குமா, அண்ணா?

பதில்: இதுதான் சிக்கலான கேள்வி. ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியில் நிலம் ஏராளம், ஆட்கள் குறைவு, அதனால் கூலி அதிகம் என்று கேரத் ஆஸ்டின் போன்ற வரலாற்றாசிரியர்கள் காட்டுகிறார்கள். கூலி கூடினால் ஆலைக்குப் போட்டி கடினம். சரி, பாதி ஒப்புக்கொள்கிறேன். வெள்ளையர் குடியேறிய நாடுகளில் கூலி குறைந்தது எப்படி? நிலத்தைப் பறித்தும், குடிசைக்கு இவ்வளவு என்று குடிசை வரி போட்டு, அதைக் கட்டக் கூலி வேலைக்குப் போகவைத்தும்தான். இன்னொரு பக்கம், நைஜீரியாவின் கானோவில் காலனி ஆட்சிக்கு முன்பே நெசவும் அவுரிச் சாயமும் பேர்போனவை. மான்செஸ்டர் துணி வந்த பிறகும் மேற்கு ஆப்பிரிக்க நெசவாளர்கள் இறக்குமதி நூலை வாங்கித் தங்கள் தறியில் நெய்தார்கள்.