அம்மாவின் ஞாபகத்தைக் கொப்பியில் எழுதுங்கள்

கேள்வி: என் அண்ணாவுக்கு 41 வயது. வீட்டோடு உள்ள கொட்டிலில் வாட்டர் பம்ப் திருத்துகிறார், கெட்டிக்காரர். ஆனால் ஆட்கள் வந்தால் பின்பக்கத்தால் போய்விடுவார். ஒரே கோப்பையில்தான் சாப்பாடு, அதுவும் சரியாக ஒரு மணிக்கு. இரணைமடுக் குளத்து நீர்மட்டத்தைத் தேதி போட்டு எழுதி வைக்கிறார். ‘யுத்தத்தில் செல்லடியில் குழம்பினவன்’ என்கிறது ஊர். போன மாதம் என் ஐந்து வயது மகனுக்கு ஓட்டிசம் என்று சொன்னார்கள். வைத்தியர் கேட்ட கேள்வியெல்லாம் அண்ணாவைப் பற்றிக் கேட்டது போலவே இருந்தது. இந்த வயதிலும் இது இருக்குமா? அவரிடம் சொல்லலாமா?
- ஒரு தங்கை, கிளிநொச்சி

அன்புத் தங்கச்சி,

இருக்கலாம். ஓட்டிசம் என்பது மற்றவர்களோடு பழகுகிற, சத்தத்தையும் தொடுகையையும் உணர்கிற விதம் வித்தியாசமாக இருப்பது. அது பிறவியிலேயே வருவது, வளர்ந்தால் விட்டுப் போகாது. 1943 இல் லியோ கானர் என்ற வைத்தியர் அமெரிக்காவில் ஓட்டிசம் உள்ள 11 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அவர்களில் முதலாமவரான டொனால்ட் டிரிப்ளெட் வங்கியில் வேலை பார்த்து, கார் ஓட்டி, 2023 இல் தன் 89 ஆவது வயதில் காலமானார். நன்றாகக் கதைக்கிற, தொழில் தெரிந்த ஒருவருக்கும் இது இருக்கலாம் என்பது வைத்திய உலகத்துக்கே பிந்தித்தான் விளங்கியது. குடும்பத்துக்குள் தொடர்வதும் உண்டு. பிள்ளைக்குத் தெரிந்த பிறகுதான் தகப்பனுக்கோ மாமனுக்கோ தெரியவந்த வீடுகள் நிறைய.

ஆனால் கடிதத்தை மட்டும் வைத்து அண்ணாவுக்கு ஓட்டிசம்தான் என்று நான் சொல்ல மாட்டேன். வன்னியில் அது இன்னும் கஷ்டம். 2009 ஐக் கடந்து வந்த எவருக்கும் வெடிச் சத்தத்தில் நெஞ்சு பதறும், சனக்கூட்டம் பிடிக்காமல் போகும். அதனால் வித்தியாசமாக இருக்கும் எல்லோரையும் யுத்தக் கணக்கில் எழுதிவிடுகிறோம். யுத்தம் தந்த பயம் ஒரு நாளில் தொடங்கும். அதற்கு முந்திய ஆள் வேறு மாதிரி இருந்திருப்பார். ஓட்டிசத்துக்கு அப்படி ஒரு ‘முன்னம்’ இல்லை. மூன்று வயதில் அண்ணா எப்படி விளையாடினார்? பகிடியை அப்படியே உண்மை என்று எடுத்தாரா? கோப்பையில் கரண்டி உரசினால் காதைப் பொத்தினாரா? சட்டைத் துணி உறுத்துகிறது என்று அழுதாரா? செல் விழாத காலத்திலும் இப்படி இருந்தாரா என்பதுதான் கேள்வி. இரண்டும் ஒருவருக்கே இருக்கவும் கூடும்.

வேறு ஊரில் என்றால் பழைய கிளினிக் அட்டை, பள்ளிக்கூட ரிப்போர்ட் இருக்கும். எங்களுக்கு அவையெல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டன. இனி அம்மாதான் சாட்சி. பின்னேரத்தில் அவருக்குப் பக்கத்தில் இருந்து கேட்டு, ஒரு கொப்பியில் எழுதுங்கள். குற்றம் கேட்பது போல இருக்க வேண்டாம். தாய் வளர்த்த விதத்தால் ஓட்டிசம் வருவதாக ஒரு காலத்தில் வைத்தியர்களே சொன்னார்கள். அது பிழை என்று எப்போதோ தெளிவாகிவிட்டது. இதை அம்மாவிடம் முதலிலேயே சொல்லுங்கள். எத்தனை வருடமாக மனதுக்குள் வைத்திருக்கிறாரோ!

அந்தக் கொப்பியோடு மாவட்ட ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். இரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ ஓட்டிசம் தெரியாது. கதைத்து, பார்த்து, பழைய கதையைக் கேட்டுத்தான் முடிவு சொல்வார்கள். அதை மாற்ற மருந்தும் இல்லை. நித்திரையின்மை, பதற்றம் இருந்தால் அவற்றுக்கு உதவி உண்டு.

அண்ணாவிடம் சொல்லலாமா என்றால், முதலில் அவரிடம்தான் சொல்ல வேண்டும். ‘தடிமனுக்கு மருந்தெடுக்க வா’ என்று கூட்டிப் போகாதீர்கள். சொன்ன சொல்லை அப்படியே நம்புகிற மனிதர் அதற்குப் பிறகு உங்களை எப்படி நம்புவார்? மகனின் கதையில் தொடங்குங்கள். வைத்தியர் என்ன கேட்டார், உங்களுக்கு ஏன் அண்ணா ஞாபகம் வந்தார் என்று நேராகச் சொல்லுங்கள். வர விரும்பினால் எந்த நாள், எத்தனை மணி, யாரைப் பார்ப்பது, எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டிவரும் என்று தாளில் எழுதிக் கொடுங்கள். மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். 41 வயது மனிதர், அவருடைய வாழ்க்கை.

அவர் போகாவிட்டாலும் வீடு மாறலாம். ஆட்கள் வருவதை முதல் நாளே சொல்லி வையுங்கள். சோறு ஒரு மணிக்கே இருக்கட்டும். அவர் பின்பக்கத்தால் போனால் ‘மரியாதை தெரியாதவன்’ என்று யாரும் சொல்ல விடாதீர்கள். நீர்மட்டக் கொப்பியை ஒருநாள் கேட்டு வாங்கிப் பாருங்கள். இத்தனை நாளில் யாராவது கேட்டார்களா?

மகனும் மாமாவின் கொட்டிலுக்குப் போக விரும்புகிறானா? போகட்டும். கொஞ்ச நேரம் இருவரும் பேசாமல் பம்பைக் கழற்றிக்கொண்டு இருக்கட்டும்.