சுங்கக் கட்டணமும் பச்சை ஸ்டிக்கரும்

கேள்வி: மியூனிக்கில் பணிபுரியும் மகனைப் பார்க்கச் செல்லும்போது, அங்கேயே வாடகைக்குக் கார் எடுத்து, ஆஸ்திரியா வழியாக இத்தாலியின் வெரோனா வரை சென்று, சுவிட்சர்லாந்து வழியாகத் திரும்ப எண்ணியுள்ளோம். செங்குன்றம் தாண்டி நல்லூர் சுங்கச்சாவடியை ஃபாஸ்டேக்கால் கடப்பதுபோல, அந்த நாடுகள் அனைத்துக்கும் பொதுவான ஏற்பாடு உண்டா? பச்சை ஸ்டிக்கர் இல்லாவிட்டால் அபராதம் என்கிறார்களே, அதுவும் சுங்கத்துக்கானதா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: உங்கள் வழி முழுவதற்கும் செல்லுபடியாகும் ஒரே அட்டை கிடையாது, எல்லையைத் தாண்டும்போதெல்லாம் முறை மாறும். ஜெர்மனியின் நெடுஞ்சாலைகளில் கார்களுக்குச் சுங்கமே இல்லை. அயல்நாட்டுக் கார்களின் மீதே சுமை விழும்படி அந்நாடு வகுத்திருந்த திட்டத்தை, ஆஸ்திரியா தொடுத்த வழக்கில், ஐரோப்பிய நீதிமன்றம் 2019 ஜூனில் சட்டவிரோதமானது என்று தீர்ப்பளித்தது.

அந்த ஆஸ்திரியாவோ தூரத்தைக் கணக்கிடாமல் காலத்தைக் கணக்கிட்டு வசூலிக்கிறது. ஒரு நாள், 10 நாள், 2 மாதம், ஓராண்டு என்று ‘வினியெட்’ எனப்படும் நெடுஞ்சாலை அனுமதியை வாங்க வேண்டும். இணையவழி வினியெட் வாகனப் பதிவு எண்ணோடு பிணைக்கப்பட்டது என்பதால், ஆர்வமிகுதியில் இங்கிருந்தே வாங்கிவிடாதீர்கள். வாடகைக் காரின் எண் அது கைக்கு வரும்போதுதான் தெரியும், எண்ணில் ஓர் எழுத்து பிசகினாலும் சிக்கல்தான். மேலும், இன்ஸ்பிரக் நகரிலிருந்து இத்தாலி எல்லையிலுள்ள பிரென்னர் கணவாய்க்கு ஏறும் ஏ13 சாலைக்கு அந்த வினியெட் செல்லாது. அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

சுவிட்சர்லாந்தில் ஆண்டு வினியெட் மட்டுமே கிடைக்கும். விலை 40 ஃபிராங்க். ஒரே நாள் நெடுஞ்சாலையில் சென்றாலும் அதே தொகைதான், இல்லாமல் பிடிபட்டால் 200 ஃபிராங்க் அபராதம். ஸ்டிக்கராக வாங்கினால் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டும். டேஷ்போர்டு அறையில் பத்திரமாக வைத்திருந்தேன் என்ற விளக்கம் எடுபடாது.

நீங்கள் கேட்ட பச்சை ஸ்டிக்கருக்கும் சுங்கத்துக்கும் தொடர்பில்லை. வாகனப் புகையின் அளவைப் பொறுத்து ஜெர்மானிய நகரங்களின் உட்பகுதிக்குள் நுழைய அனுமதிக்கும் அடையாளம் அது. பெர்லினில் 2008 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மணலிக்கும் எண்ணூருக்கும் அருகில் வாழும் உங்களுக்கு அதன் நோக்கத்தை நான் விளக்க வேண்டியதில்லை. மின்சாரக் காருக்கும் அது தேவை. இல்லாவிட்டால் 100 யூரோ அபராதம். மியூனிக்கில் எடுக்கும் வாடகைக் காரில் பெரும்பாலும் ஏற்கெனவே ஒட்டப்பட்டிருக்கும். அதில் எழுதியுள்ள எண்ணும் காரின் எண்ணும் ஒன்றுதானா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தாலியில் நுழைவாயிலில் சீட்டு எடுத்து, வெளியேறும் இடத்தில் தூரத்துக்கேற்பப் பணம் செலுத்த வேண்டும். மஞ்சள் நிறத்தில் ‘டெலிபாஸ்’ என்று மட்டும் குறிக்கப்பட்ட தடத்தில் நுழையாதீர்கள். தானாகவே கட்டணம் செலுத்தும் கருவி பொருத்திய வாகனங்களுக்கானது அது. ஆனால் இத்தாலியில் வெளியூர்க்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது சுங்கத்தில் அல்ல, பழைய நகர மையங்களில் உள்ள அனுமதியில்லாத கார்கள் நுழையக் கூடாத ‘இசட்.டி.எல்.’ என்ற கட்டுப்பாட்டுப் பகுதிகளில்தான். வெரோனாவிலும் அது உண்டு. தடுப்பு எதுவும் இல்லாமல் கேமரா மட்டும் படம்பிடிப்பதால், நீங்கள் சென்னை திரும்பிப் பல மாதங்கள் கழித்து அபராதச் சீட்டு வரக்கூடும். உங்கள் விவரத்தைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்காக வாடகை நிறுவனம் தனியே ஒரு கட்டணத்தையும் உங்கள் கடன் அட்டையில் பிடித்துக்கொள்ளும். தங்கும் விடுதி அப்பகுதிக்குள் இருந்தால், காரின் எண்ணை முன்கூட்டியே கொடுத்து அனுமதி பதிய முடியுமா என்று விடுதியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.