ஏவுதளம் வருமுன் எழுதப்படும் அறிக்கை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலக் கடற்கரையில் தனியார் ராக்கெட்டுகளுக்கென்று ஓர் ஏவுதளம் அமைப்பதற்காகச் சுற்றுச்சூழல் ஆய்வு முடிந்து, உரிமமும் கொடுக்கப்பட்ட பிறகு, ஊர் மக்கள் வாக்களித்து அதை நிறுத்திவிட்டதாக அங்கே வேலை பார்க்கும் என் மருமகன் சொன்னார். அப்படியானால் அந்த ஆய்வினால் என்ன பயன்?
வாசகர், குளச்சல்

பதில்: உங்கள் மருமகன் குறிப்பிட்டது கேம்டன் கவுண்டியில் நடந்தது. அங்கே உள்ளூர் நிர்வாகமே ஏவுதளம் அமைக்க முன்வந்தது. அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் சுற்றுச்சூழல் ஆய்வை நடத்தி, வரைவு அறிக்கையை 2018-லும் இறுதி அறிக்கையை 2021 ஜூனிலும் வெளியிட்டு, அந்த ஆண்டு டிசம்பரில் உரிமம் வழங்கியது. 2022 மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பில் ஏறக்குறைய 72 விழுக்காட்டினர் எதிர்த்து வாக்களித்தார்கள். அந்த வாக்கெடுப்பு செல்லும் என்று மாநில உச்ச நீதிமன்றமும் 2023 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மக்கள் வாக்களித்தது சுற்றுச்சூழல் அறிக்கையின் மீதோ, உரிமத்தின் மீதோ அல்ல. ஏவுதளத்துக்கு நிலம் வாங்குவதற்கு உள்ளூர் நிர்வாகம் நிறைவேற்றிய தீர்மானங்களின் மீதுதான். நிலம் இல்லாமற்போகவே ஏவுதளமும் இல்லாமற்போயிற்று. அமெரிக்காவில் இத்தகைய ஆய்வுகளுக்கு அடிப்படையான 1969-ஆம் ஆண்டின் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் எந்தத் திட்டத்தையும் தடை செய்வதில்லை. முடிவெடுக்கும் முன் விளைவுகளை ஆராய்ந்து ஊரறியச் சொல்ல வேண்டும், வேறு வழிகளையும் திட்டமே வராவிட்டால் என்ன நிலை என்பதையும் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்பதோடு அச்சட்டம் நின்றுவிடுகிறது. கேடு வரும் என்று தெளிவாக எழுதிவிட்டு அதே திட்டத்துக்கு ஒப்புதல் கொடுப்பதற்கும் அதில் இடமுண்டு. ஆகவே ஆய்வு அறிக்கையை அனுமதிச் சீட்டாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது, தடையாணையாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வாதாடுபவர்களுக்கு அது ஆவணம். அவ்வளவே, ஆனால் அது சிறிய விஷயமல்ல.

கேம்டனில் அந்த ஆவணத்துக்கு வேறொரு குறையும் இருந்தது. பெரும்பாலான ஏவுதளங்கள் கடலின் விளிம்பில் அமையும். இதுவோ கரையிலிருந்து சில மைல்கள் உள்ளே, முன்பு ரசாயன ஆலையாக இருந்த நிலத்தில் திட்டமிடப்பட்டது. ராக்கெட் கடலைத் தொடுமுன், வீடுகளும் தேசியப் பூங்காவும் உள்ள தீவுகளைக் கடந்தாக வேண்டும். வரைவு அறிக்கை நடுத்தர ராக்கெட்டுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பின்னர் உரிம விண்ணப்பம் சிறிய ராக்கெட்டுகளுக்கு என்று மாற்றப்பட்டது. சிறியது என்றால் ஆபத்தும் சிறியது என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் புதிதாக வரும் சிறிய ராக்கெட்டுகள் தொடக்க ஏவல்களில் தோற்பது மிகுதி. இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டான நம் எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் பயணமும் 2022 ஆகஸ்டில் தோல்வியில்தான் முடிந்தது. 2023 பிப்ரவரியில் நடந்த இரண்டாவது பயணம் வென்றது.

டெக்சாஸின் போக்கா சிகாவிலும் இதே கதை. 2014-இல் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் ராக்கெட்டுகளுக்காக ஆய்வு செய்யப்பட்ட கடற்கரையில் பின்னாளில் வந்து நின்றது அவற்றைவிடப் பன்மடங்கு பெரிய ஸ்டார்ஷிப். அதற்காக 2022-இல் மறு ஆய்வு செய்து, எழுபத்தைந்துக்கும் மேற்பட்ட நிபந்தனைகளுடன் அனுமதித்தார்கள். 2023 ஏப்ரல் 20-இல் முதல் முழு ஏவலின்போது ஏவுமேடையின் கான்கிரீட் பெயர்ந்து சிதறி, சுமார் 385 ஏக்கரில் விழுந்ததாகவும், பொடியான கான்கிரீட் ஆறரை மைல் தொலைவு வரை காற்றில் சென்று படிந்ததாகவும் அமெரிக்க வனவிலங்குத் துறை தெரிவித்தது. எந்த ராக்கெட்டுக்காக எழுதப்பட்டது என்பதைப் பார்க்காமல் ஓர் அறிக்கையை நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்வது பொருளற்றது.

கேள்வி: ராக்கெட் சில நிமிடங்களில் மேலே போய்விடுகிறது. ஆண்டுக்குச் சில முறை எழும் சத்தத்துக்கும் புகைக்கும் இத்தனை பெரிய ஆய்வு தேவையா?
கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: சத்தமும் புகையும் கண்ணுக்கும் காதுக்கும் உடனே எட்டுவதால் எல்லோரும் அவற்றைப் பற்றியே கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் விளக்கு வெளிச்சத்தைப் பற்றிக் கேட்பேன். ராக்கெட் சில நிமிடங்களில் போய்விடும்; ஏவுதளத்தின் விளக்குகள் ஆண்டு முழுவதும் இரவில் எரியும். நம் கரைகளில் ஜனவரிக்குப் பின் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளின் குஞ்சுகள், மணலிலிருந்து வெளிவந்ததும் கடற்பரப்பின் மங்கிய வெளிச்சத்தைப் பார்த்துத்தான் திசையறிகின்றன. கரைப்பக்கம் பெரிய விளக்குகள் இருந்தால் அவை கடலை விட்டு நிலத்தை நோக்கி ஊர்ந்து, விடியுமுன் நாய்க்கும் காக்கைக்கும் இரையாகும். ஃபுளோரிடாவின் கென்னடி விண்வெளி மையத்தில் இதற்கென்றே விளக்குகளைக் கட்டுப்படுத்தும் திட்டம் நடைமுறையில் உள்ளது. விளக்கை எந்த உயரத்தில், எந்த நிறத்தில், எந்தப் பக்கம் மறைத்து வைப்பது என்று எழுதப்படாத அறிக்கையில் ஆமை என்ற சொல் எத்தனை முறை வந்தாலும் பயனில்லை.

புகையைப் பொறுத்தவரை எரிபொருள் எது என்பதே கேள்வி. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் அமையும் இஸ்ரோவின் ஏவுதளத்திலிருந்து ஏவப்படவுள்ள எஸ்.எஸ்.எல்.வி.யின் மூன்று முதன்மை அடுக்குகளும் திட எரிபொருளில் இயங்குபவை. முதல் அடுக்கில் மட்டும் 87 டன் எரிபொருள் இருக்கிறது. அம்மோனியம் பெர்குளோரேட்டும் அலுமினியப் பொடியும் கலந்த இவ்வகை எரிபொருள் எரிந்தால், வெளிவரும் புகையின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஹைட்ரஜன் குளோரைடாக இருக்கும். ஈரத்தோடு சேர்ந்தால் அது அமிலம். பெரும்பகுதி ராக்கெட் மேலே போகப் போக வானில் கரைந்துவிடுகிறது. தரையில் தங்குவது ஏவுமேடையைச் சுற்றிய சிறு வட்டத்தில்தான். அமெரிக்க விண்வெளி ஓடங்கள் ஏவப்பட்ட காலத்தில் மேடையருகே செடிகள் கருகியதும், ஆழமற்ற காயல் நீரில் மீன்கள் செத்து மிதந்ததும் பதிவாகியுள்ளன. விண்வெளி ஓடம் எஸ்.எஸ்.எல்.வி.யைவிட மிகப் பெரியது என்பதால் அதே அளவு பாதிப்பு இங்கே வரும் என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் மேடையைக் குளிர்விக்கவும் ஒலியை அடக்கவும் பீய்ச்சப்படும் தண்ணீர், அமிலத்தையும் அலுமினியத் துகளையும் சேர்த்துக்கொண்டு எங்கே போகிறது, மணற்பாங்கான நிலத்தின் கிணறுகளில் அது இறங்குமா என்பது ஊர்க்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி.

கேள்வி: குலசையிலிருந்து ராக்கெட் விடும் நாளெல்லாம் கடலுக்குப் போகக் கூடாது என்பார்கள். சுற்றுச்சூழல் ஆய்வில் மீனும் பறவையும் வருகின்றனவே, எங்கள் தொழில் நஷ்டமும் அதில் இடம்பெறுமா?
விசைப்படகு உரிமையாளர், சின்னமுட்டம்

பதில்: இடம்பெற வேண்டும். இந்திய விதிகளின்படி எழுதப்படும் மதிப்பீட்டு அறிக்கையில் சமூக, பொருளாதார நிலை ஒரு பகுதியாகவே இருக்கிறது. ஆனால் அந்தப் பகுதியில் பெரும்பாலும் மக்கள்தொகையும் பள்ளிக்கூடங்களின் எண்ணிக்கையும்தான் நிரப்பப்படுகின்றன. கடல் எத்தனை மணி நேரம் மூடப்படும் என்பது எழுதப்படுவதில்லை.

ஏவலுக்கு முன் விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் எச்சரிக்கை விடப்பட்டு, ராக்கெட் செல்லும் பாதையின் கீழுள்ள கடற்பகுதியும் கழன்ற அடுக்குகள் விழும் பகுதியும் குறித்த நேரத்துக்கு மூடப்படும். ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவல் நடக்கும்போது பழவேற்காடு மீனவர்கள் இதை அனுபவித்து வருகிறார்கள். குலசேகரப்பட்டினத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே, இலங்கையைச் சுற்றி வளைந்து எரிபொருளை வீணாக்காமல் நேரே தெற்கு நோக்கி ஏவலாம் என்பதுதான். அந்தத் தெற்கில் உள்ளது நம் கடல். குமரி முனைக்குத் தெற்கேயுள்ள வெட்ஜ் பேங்க் என்னும் மீன்வளத் திட்டு, 1976-இல் இலங்கையுடன் செய்துகொண்ட உடன்பாட்டால் இந்தியாவுக்கு உறுதியானது. ஆழ்கடல் செல்லும் நம் படகுகளுக்கு அதன் மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. மூடப்படும் பகுதிக்கும் இந்தத் திட்டுக்கும் இடையே உள்ள தூரத்தை ஒரே வரைபடத்தில் வரைந்து காட்டும்படி கேளுங்கள்.

போக்கா சிகா ஆய்வில் கடற்கரைச் சாலையை ஆண்டுக்கு 500 மணி நேரம் மூடலாம், விபத்து நேர்ந்தால் அதற்குமேல் 300 மணி நேரம் என்று எண்ணாகவே எழுதினார்கள். அந்த எண்ணிக்கை போதுமா, மிகுதியா என்று அங்கே சண்டை நடந்தது. எண் இருந்ததால்தான் சண்டை போட முடிந்தது. அதையும் விட முக்கியமானது, ஏவல் தள்ளிப்போகும் நாட்களின் கணக்கு. ராக்கெட் ஒருமுறைதான் பறக்கும்; ஆனால் காற்று சரியில்லை, வால்வில் பிழை என்று இரண்டு மூன்று முறை தள்ளிப்போனால் அத்தனை முறையும் டீசலும் ஐஸும் ஏற்றிய படகு திரும்பி நிற்க வேண்டும். ஆண்டுக்கு இத்தனை ஏவல் என்று கணக்கிட்டு அத்தனை நாள் மட்டுமே இழப்பு என்று எழுதுவது தவறான கணக்கு. உங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், குளச்சல் பக்கத்தவர்களுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் ஏற்கெனவே தடைக்காலம். ஏவல்களை இயன்றவரை அந்த மாதங்களில் வைத்துக்கொண்டால் இழப்பு பெருமளவு குறையும். தடைக்காலம் முடிந்து கணவாய் கிடைக்கும் வாரங்களில் வைத்தால் மொத்த வருமானத்திலும் அடி விழும். இது செலவில்லாத ஒரு நிபந்தனை என்பதால் முதலில் இதையே கேட்கலாம்.

தூத்தூர் வட்டாரப் படகுகள் வாரக்கணக்கில் கடலில் தங்குபவை. கரையில் ஒட்டப்படும் அறிவிப்பு அவர்களுக்கு எட்டாது என்பதை 2017 நவம்பரில் ஒக்கி புயல் காட்டிவிட்டது. இப்போது படகுகளில் பொருத்தப்படும், செயற்கைக்கோள் வழியே செய்தி பரிமாறும் ட்ரான்ஸ்பாண்டர் கருவியின் தொழில்நுட்பம் இஸ்ரோவினுடையதே ஆகையால், ஏவல் அறிவிப்பு தமிழிலும் மலையாளத்திலும் அதன் வழியே வர வேண்டும் என்று கோருவது பொருத்தமானது. கழன்ற பாகங்கள் வலையில் சிக்குவதும் நடக்காத காரியமல்ல: 2019 டிசம்பரில் பி.எஸ்.எல்.வி.யின் பக்கவாட்டு மோட்டார் ஒன்றைப் புதுச்சேரி மீனவர்கள் கரைக்கு இழுத்து வந்தார்கள். வலை கிழிந்தால் இழப்பீடு யார் தருவது என்பதற்கும் எழுத்தில் விடை வேண்டும்.

கேள்வி: மகேந்திரகிரியில் பல ஆண்டுகளாக ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறார்கள். எங்களுக்கு ஒரு கெடுதலும் வந்ததில்லை. இஸ்ரோவின் தலைவர்களாக இரண்டு பேரைத் தந்த மாவட்டம் இப்படிச் சந்தேகப்படலாமா?
ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆரல்வாய்மொழி

பதில்: கே. சிவன், வி. நாராயணன் இருவரும் நம் குமரி மாவட்டத்தவர்கள் என்பதில் எனக்கும் பெருமைதான். ஆனால் மகேந்திரகிரியில் எஞ்சின் மேடையில் கட்டப்பட்டு நிற்கிறது. பிழை நேர்ந்தால் வேலிக்குள் முடிந்துவிடும். பறக்கும் ராக்கெட்டில் பிழை நேர்ந்தால், பாதுகாப்பு அதிகாரி அதை வானிலேயே அழிக்க வேண்டியிருக்கும். இரண்டும் வெவ்வேறு வகை ஆபத்து. கேள்வி கேட்பது விஞ்ஞானிகளை அவமதிப்பதாகாது. அவர்களே ஒவ்வோர் ஏவலுக்கு முன்னும் அதைத்தான் செய்கிறார்கள்.

கேள்வி: இனித் தனியாரும் ராக்கெட் விடலாம் என்கிறார்கள். நம் கடற்கரையில் ஒரு நிறுவனம் ஏவுதளம் கேட்டால், நம் சட்டப்படி மக்களிடம் கருத்துக் கேட்டே ஆக வேண்டுமா?
வாசகி, கொல்லங்கோடு

பதில்: 2020-இல் விண்வெளித் துறை தனியாருக்குத் திறக்கப்பட்டு, அனுமதி வழங்க இன்ஸ்பேஸ் என்னும் அமைப்பு உருவாக்கப்பட்டது. அக்னிகுல் நிறுவனம் ஸ்ரீஹரிகோட்டாவில் இஸ்ரோ வளாகத்துக்குள்ளேயே தனக்கென்று மேடை அமைத்து, 2024 மே 30-இல் ஏவியும் காட்டிவிட்டது. ஆகவே உங்கள் கேள்வி கற்பனையல்ல.

ஆனால் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் அட்டவணையைப் பாருங்கள். சுரங்கம், அனல்மின் நிலையம், சர்க்கரை ஆலை, துறைமுகம், விமான நிலையம், கம்பிவட ஊர்தி எல்லாம் அதில் உண்டு. ராக்கெட் ஏவுதளம் என்று ஒரு தலைப்பு இல்லை. கட்டடப் பரப்பு, ரசாயனச் சேமிப்பு, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் என்று பக்கவாசல்கள் வழியாகத்தான் அது பரிசீலனைக்கு வந்து சேரும். கட்டடம் என்ற கணக்கில் வந்தால் பொது விசாரணை இல்லாமலே போக வாய்ப்புண்டு. பாதுகாப்பு, நாட்டின் பிற உத்திசார் நலன் என்று மத்திய அரசு தீர்மானிக்கும் திட்டங்களுக்கும் அதே அறிவிக்கை பொது விசாரணையிலிருந்து விலக்கு அளிக்கிறது. வாடகைக்குச் செயற்கைக்கோள் ஏற்றும் வணிக நிறுவனத்தை அந்த விலக்கில் சேர்ப்பது முறையல்ல என்பது என் கருத்து. லாபம் வணிகம் என்றால் விசாரணையும் வணிகத்துக்கு உரியதாகவே இருக்க வேண்டும். அட்டவணையில் ஏவுதளத்தைத் தனித் தலைப்பாகச் சேர்க்கக் கோரி நம் நாடாளுமன்ற உறுப்பினர் வழியாகச் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு எழுதுவதற்கு, எந்த நிறுவனமும் நிலம் கேட்டு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பொது விசாரணை நடக்குமானால் சில விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். குறைந்தது 30 நாட்களுக்கு முன் நாளிதழ்களில் அறிவிப்பு வர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். கூட்டத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்ய, ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிப்பார். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கட்டுப்பாடு இல்லை. எனவே புறக்கணித்து வெளியேறினாலும் கூட்டம் நடந்ததாகவே பதிவாகும். பேசியவற்றின் சுருக்கத்தைக் கூட்டத்தின் முடிவில் தமிழில் உரக்கப் படித்துக் காட்டி, அன்றைக்கே அதில் தலைமை வகித்தவர் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. பெரும்பாலோர் அதற்குள் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் இருந்து கேளுங்கள். நீங்கள் சொன்னது விடுபட்டிருந்தால் கையெழுத்தாகுமுன் எழுந்து சொல்லுங்கள். எழுத்தில் கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.