கல்யாணம் ஆகாம மாசமா இருக்கிற 19 வயசு தங்கச்சிக்கு நாங்க என்ன செய்யலாம்?

ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டம், பையன் கொழும்புக்கு போனவன் இப்ப போனே எடுக்கிறதில்லன்னு எழுதியிருக்கீங்க அக்கா. மொதல்ல அவளை ஏசாதீங்க, தனியாவும் விடாதீங்க, லயத்து வீட்டுச் சனங்க பேசுற வாய் கொஞ்ச நாள்ல ஓஞ்சிரும். இந்த வாரமே மிட்வைஃப் மிஸ்கிட்ட பதிஞ்சிருங்க, கிளினிக் கார்டு குடுத்து ரத்தம் பாப்பாங்க, மாசமா இருக்கிறவங்களுக்கு குடுக்கிற திரிபோஷா சத்துமாவும் கேளுங்க, அரசாங்க ஆஸ்பத்திரியில பிரசவம் இலவசம்தான், புருஷன் இல்லையேன்னு தயங்காதீங்க. கலைக்க மருந்து தாறேன்னு யாராச்சும் வந்தா கிட்டயே சேக்காதீங்க, தாய் உயிரைக் காப்பாத்த மட்டும்தான் இலங்கையில கலைக்க சட்டம் விடுது, திருட்டு மருந்துல ரத்தம் போயி உயிரே போயிரும்.

புள்ள பொறந்தா 42 நாளுக்குள்ள பதியணும். அப்பா பேர் இல்லாமலே பதியலாம், பேர் போடணும்னா அவனும் சேந்து கேக்கணும். ஆனா செலவுக்கு அவனை விட்றாதீங்க, 1999ஆம் ஆண்டு 37ஆம் இலக்க பராமரிப்புச் சட்டப்படி கல்யாணம் ஆகாம பொறந்த புள்ளைக்கும் நீதவான் கோர்ட்டுல கேக்கலாம், அதுக்குத்தான் சொல்றேன், அவன் அனுப்பின மெசேஜ், போட்டோ, காசு போட்ட சிலிப் ஒண்ணையும் அழிச்சிராதீங்க.

புள்ள கொஞ்சம் வளந்ததும் தோட்டத்து புள்ளமடுவத்துலயோ (வேலைக்குப் போறவங்க புள்ளைங்களைப் பாத்துக்கிற இடம்) உங்ககிட்டயோ விட்டுட்டு அவ ஒரு தொழில் படிக்கட்டும், கொழுந்து பறிக்கிறதுதான் கதின்னு இல்ல, தொழிற்பயிற்சி அதிகார சபையில தையல், கம்ப்யூட்டர்னு என்ன கோர்ஸ் இருக்குன்னு விசாரிங்க. சம்பளம் வாற பேங்க் புக் அவ பேர்லயே இருக்கணும். யாராச்சும் மிரட்டினா 1938க்கு அடிங்க, அது பெண்களுக்கான அரசாங்க நம்பர்.