குழு ப்ராஜெக்டில் தனித்தனி மார்க் எப்படிப் போடுவது?

நான்கைந்து பேர் சேர்ந்து செய்த ப்ராஜெக்டுக்கு ஒரே மார்க் போட்டால் உழைத்தவருக்கு அநியாயம், தனித்தனியாகப் போடலாம் என்றால் யார் எவ்வளவு செய்தார் என்று தெரியவில்லை, மாணவர்களையே ஒருவருக்கொருவர் மார்க் போடச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொல்லலாம். ஆனால் அவர்கள் தருவது சாட்சியம். அதைக் கேட்டு, மற்ற தடயங்களோடு ஒப்பிட்டு, மார்க்கை முடிவு செய்யும் பொறுப்பு ஆசிரியருடையது. மென்பொருள் ப்ராஜெக்டுகளை வழிநடத்தி மார்க் போடுகிறவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அந்தப் பொறுப்பை ஒரு படிவத்திடமோ ஒரு சூத்திரத்திடமோ விட்டுவிட்டால், பாதிக்கப்படுவது பெரும்பாலும் குழுவிலேயே அதிகம் பேசாத பிள்ளைதான்.

ஒருவர் வேலை செய்யாமல் இருந்தால் அதை உடனே குணக்கேடு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊர் கூடித் தேர் இழுக்கும்போதும் எல்லாக் கைகளும் ஒரே பலத்தோடு இழுப்பதில்லை. மேக்ஸ் ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் இதை அளந்தே பார்த்தார். 1913-இல் அவர் வெளியிட்ட கணக்கின்படி, எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஆளுக்குத் தேறும் பலம், தனியாக இழுக்கும்போது இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். எல்லாரும் ஒரே நொடியில் இழுக்க முடியாததும் இதற்கு ஒரு காரணம். ஆனால் அது மட்டும் இல்லை. 1979-இல் லதானே, வில்லியம்ஸ், ஹார்கின்ஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் ஆட்களின் கண்ணைக் கட்டி, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, கத்தச் சொன்னார்கள். கூடவே மற்றவர்களும் கத்துகிறார்கள் என்று நம்பவைத்ததும், உண்மையில் தனியாகக் கத்தியவர்களும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள். 1981-இல் அதே மூவர் செய்த சோதனைதான் நமக்கு முக்கியம். கூட்டத்தில் கத்தினாலும் ஒவ்வொருவர் சத்தமும் தனியாக அளக்கப்படுகிறது என்று தெரிந்ததும் அந்தச் சுணக்கம் இல்லாமல் போனது.

அதாவது, தனி மார்க் என்பது செமஸ்டர் கடைசியில் மட்டும் பார்க்க வேண்டிய கணக்கு இல்லை. ஒவ்வொருவர் வேலையும் தனியாகப் பார்க்கப்படும், எப்படிப் பார்க்கப்படும் என்பதை முதல் வாரமே சொல்லிவிடுங்கள். குழுவை மூன்று அல்லது நான்கு பேரோடு நிறுத்துங்கள். வாரம் ஒருமுறை ஒவ்வொருவரும் இரண்டு மூன்று வரி எழுதட்டும்: இந்த வாரம் என்ன செய்தேன், எங்கே மாட்டிக்கொண்டேன், அடுத்து என்ன. நீளமான ரிப்போர்ட் கேட்காதீர்கள், கேட்டால் கதைதான் வரும்.

அப்புறம் சக மாணவர் மதிப்பீடு. பரவலாகப் பயன்படும் முறை இது. ஒவ்வொருவரும் மற்றவர்களுக்கு 5-க்கு மதிப்பெண் தருகிறார்கள். ஒருவர் பெற்ற சராசரியைக் குழுவின் சராசரியால் வகுத்தால் அவருடைய காரணி கிடைக்கும். அதைக் குழு மார்க்கோடு பெருக்க வேண்டும். நான்கு பேரின் சராசரி 4.6, 4.4, 4.2, 2.8 என்று வைத்துக்கொள்வோம். குழுவின் சராசரி 4.0. காரணிகள் 1.15, 1.10, 1.05, 0.70. குழு மார்க் 80 என்றால் தனி மார்க் 92, 88, 84, 56. லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் உருவான வெப்பிஏ போன்ற மென்பொருள்கள் இந்த மாதிரிக் கணக்கைத்தான் போடுகின்றன. ஒரு சாதாரண எக்செல் தாளே போதும்.

இதில் சில பிரச்சினைகள் இருக்கின்றன. நான்காவது மாணவர் சும்மா இருந்ததாலேயே சராசரி இறங்கி, மற்ற மூவரின் மார்க்கும் ஏறிவிடுகிறது. அவர் பங்கையும் அவர்கள் இழுத்துப் போட்டுச் செய்திருந்தால் அது நியாயம். அவர் உடம்புக்கு முடியாமல் போய், நீங்களே வேலையின் அளவைக் குறைத்துக் கொடுத்திருந்தால்? அப்போது முதல் மாணவருக்கு 80-க்கு மேல் வந்த அந்த 12 மார்க் யாருடைய உழைப்புக்கும் கிடைத்ததில்லை. இதைவிடக் கொடுமையானது இன்னொன்று. மூன்று பேர் கைவிட்ட ப்ராஜெக்டை ஒருத்தி தனியாகக் கரை சேர்க்கிறாள். வேலை பாதிதான் முடிகிறது, குழு மார்க் 50. அவள் காரணி 1.3 என்றாலும் வருவது 65. நன்றாக நடந்த குழுவில் சராசரியாக வேலை செய்தவர் 80 வாங்கிப் போகிறார். சூத்திரம் குழுவுக்குள்தான் ஒப்பிடும், குழுவைத் தாண்டி அதற்குப் பார்வை கிடையாது. இந்த மாதிரி இடத்தில் ஆசிரியர் கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டு, அவள் செய்த வேலையைத் தனியாக எடுத்துத் திருத்தத்தான் வேண்டும்.

அதனால் காரணியை முழு மார்க்குக்கும் போடாமல் பாதிக்கு மட்டும் போடுவது என் வழக்கம். மேலே சொன்ன உதாரணத்தில் 40 எல்லாருக்கும் பொது, மீதி 40-ஐக் காரணியால் பெருக்கினால் 86, 84, 82, 68 வரும். மாணவர் தனக்கே போட்டுக்கொள்ளும் மதிப்பீட்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை, ஆனாலும் எழுதச் சொல்கிறேன். 1979-இல் ராஸ், சிகோலி என்ற இருவர், கணவன் மனைவியிடம் வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலும் முழுப் பங்கைத் தாண்டியது. பொய் சொல்லவில்லை. தான் செய்தது மனதில் நிற்கிறது, அடுத்தவர் செய்தது கண்ணில் படுவதில்லை. நான்கு மாணவர்களும் ஆளுக்கு 40 சதவீதம் என்று எழுதினாலும் நான் கோபப்படுவதில்லை, அது இயல்பு.

எல்லாரும் எல்லாருக்கும் 5 போட்டிருந்தால் பேசிவைத்துப் போட்டிருக்கலாம். மூன்று பேர் சேர்ந்து ஒருவருக்கு 1 போட்டிருந்தால் அவர் சும்மா இருந்திருக்கலாம், அவரை ஒதுக்கியும் வைத்திருக்கலாம். எண்ணைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. எனவே ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் ஒரு சம்பவத்தைக் காரணமாக எழுதச் சொல்லுங்கள். “பொறுப்பில்லாதவன்” என்பது காரணம் ஆகாது. “லாகின் பகுதியைத் தருவதாகச் சொன்ன தேதிக்குத் தரவில்லை, கேட்டதற்குப் பதிலும் இல்லை” என்றால் சரி, விசாரிக்கலாம். யார் என்ன எழுதினார் என்பது மற்றவர்களுக்குத் தெரியக்கூடாது. செமஸ்டர் நடுவில் மார்க் இல்லாமல் ஒரு சுற்று நடத்துங்கள். பிரச்சினை அப்போதே தெரிந்தால் திருந்துவதற்கு நேரம் இருக்கும்.

மென்பொருள் ப்ராஜெக்ட் என்றால், நிரலில் யார் எப்போது எதை மாற்றினார் என்று குறித்துவைக்கும் கிட் (Git) மென்பொருளின் பதிவைப் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். பாருங்கள், ஆனால் எத்தனை பதிவு, எத்தனை வரி என்று எண்ணாதீர்கள். நான்கு பேரும் ஒரே மடிக்கணினியில் உட்கார்ந்து எழுதினால் எல்லாக் கமிட்டும் (கிட்டில் சேமிக்கும் ஒவ்வொரு மாற்றமும்) ஒருவர் பெயரில் போகும். நிரலின் இடைவெளிகளை ஒழுங்குபடுத்தினாலே ஆயிரம் வரி மாறியதாகக் காட்டும். மூன்று நாள் தேடிக் கண்டுபிடித்த பிழையைத் திருத்த ஒரு வரி போதும். தேதிகள்தான் எனக்கு அதிகம் உதவுகின்றன. வேலை செமஸ்டர் முழுக்கப் பரவியிருக்கிறதா, கடைசி இரண்டு இரவில் குவிந்திருக்கிறதா என்பதை அவை மறைப்பதில்லை.

இவை எல்லாவற்றையும்விட நான் நம்புவது வைவாவை, அதாவது வாய்மொழித் தேர்வை. ஆளுக்குப் பத்து நிமிடம், தனியாக. “நீ என்ன செய்தாய்” என்று கேட்டால் ஒப்பித்துவிடுவார்கள். அவர் எழுதியதாகச் சொல்லும் பக்கத்தைத் திறந்து, “இங்கே காலியான உள்ளீடு வந்தால் என்ன ஆகும், மாற்றிக் காட்டு” என்று கேளுங்கள். செய்தவர் யோசிப்பார், தடுமாறுவார், ஆனால் எங்கே கை வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அப்புறம், தோழர் செய்த பகுதியைப் பற்றியும் ஒரு கேள்வி கேளுங்கள். அடுத்தவர் பகுதியைக் கொஞ்சமும் அறியாதவர் குழுவில் இருந்தார் என்றே சொல்ல முடியாது. இது திறமைசாலிக்கும் பொருந்தும். யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் எல்லாவற்றையும் தானே செய்துவிட்டு, மற்றவர்கள் ஒன்றும் செய்யவில்லை என்று புகார் சொல்கிறவர் உண்டு. சேர்ந்து வேலை செய்யக் கற்பது பாடத்தின் நோக்கமாக இருந்தால், அதற்கான மார்க்கை அவருக்குக் கொடுக்க மாட்டேன். நிரலுக்கான மார்க் முழுதும் கொடுப்பேன்.

உங்கள் செமஸ்டர் முடியப் போகிறது, கையில் வாரக் குறிப்பும் இல்லை என்றால் புதிதாகச் சூத்திரம் எதையும் இப்போது நுழைக்காதீர்கள். முன்கூட்டியே சொல்லாத விதியை வைத்து மார்க் குறைப்பதும் அநியாயம்தான். ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து வைவா வையுங்கள். குழு மார்க்கை அடிப்படையாக வைத்து, தெளிவான ஆதாரம் இருக்கும் இடத்தில் மட்டும் ஏற்றியோ இறக்கியோ போடுங்கள். அந்த ஆதாரம் என்ன என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொண்டால், மாணவர் வந்து ஏன் என்று கேட்கும்போது காட்டலாம்.